வென்ஃப்ளானை எப்போது மாற்றுவது? ஆய்வுச் சான்றைத் தேடவும் பயன்படுத்தவும் நர்ஸ்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல வார்டுகளில் வென்ஃப்ளானுக்கு ஒரு கெடு உண்டு: 72 மணி நேரம், மிஞ்சிப்போனால் 96. கெடு முடிந்ததும் கழற்றிவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். ஒழுங்காக மருந்து இறங்கிக்கொண்டிருக்கும் லைனைக் கழற்றும்போது நோயாளி கேட்பார்: “நல்லாத்தானேம்மா இறங்குது, எதுக்கு மறுபடியும் குத்துறீங்க?” “ரூல்ஸ் அப்படித்தாம்மா” என்பது வழக்கமான பதில். அந்த ரூல்ஸ் எங்கிருந்து வந்தது, இன்னும் செல்லுமா என்று ஒரு நர்ஸ் தானே தேடித் தெரிந்துகொள்ளலாம். அதற்கு பிஎச்டி வேண்டாம். ஒரு கைப்பேசி, ஓரளவு ஆங்கிலம், இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள் போதும்.

பி.எஸ்சி. நர்சிங்கில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் எல்லோரும் படித்த பாடங்கள்தான். ஆனால் அங்கே பழகுவது பெரும்பாலும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து சமர்ப்பிக்க. வார்டில் தேவைப்படுவதோ பிறர் செய்ததைத் தேடி, எடைபோட்டு, நம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்ப்பது. இந்த வென்ஃப்ளான் கேள்வியையே கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டு போவோம்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“ஐ.வி. லைன் பராமரிப்பில் சிறந்த முறை எது?” என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், ஒன்றும் உதவாது. கேள்வியை நான்காக உடையுங்கள். யாருக்கு? என்ன செய்கிறோம்? எதற்குப் பதிலாக? எந்த விளைவைப் பார்க்கிறோம்? ஆராய்ச்சி வகுப்பில் ‘பிகோ’ என்று கேட்டிருப்பீர்களே, அதுதான்.

நம் கேள்வி இப்படி அமையும்: வார்டில் இருக்கும் பெரியவர்களுக்கு, வலியோ சிவப்போ அடைப்போ வந்தால் மட்டும் கேனுலாவை மாற்றுவது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை கட்டாயம் மாற்றுவதோடு ஒப்பிட்டால், ஃபிளபைடிஸையும் ரத்தத் தொற்றையும் கூட்டுமா?

‘பெரியவர்களுக்கு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கும் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கும் பதில் வேறாக இருக்கலாம். விளைவையும் இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். தேடி முடித்தபிறகு விளைவைத் தேர்ந்தெடுத்தால், நமக்குப் பிடித்த பதில் வந்த விளைவைத்தான் கை தேர்ந்தெடுக்கும்.

2. தேடும் சொற்களைக் கூட்டுங்கள்

வார்டில் நாம் வென்ஃப்ளான் என்போம். அது ஒரு பிராண்டின் பெயர். அதை மட்டும் தட்டினால் அகப்படுவது கொஞ்சம்தான். ஆங்கிலத்தில் அதையே பெரிஃபெரல் இன்ட்ராவீனஸ் கதீட்டர், பெரிஃபெரல் வீனஸ் கேனுலா என்று பல விதமாக எழுதுகிறார்கள். நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் தோன்றும் மாற்றுச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’, வெவ்வேறு கூறுகளுக்கு நடுவே ‘ஆண்ட்’. இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். நான்கு கூறுகளையும் முதலிலேயே நுழைக்க வேண்டாம். கேனுலா, மாற்றுதல், ஃபிளபைடிஸ் என்ற மூன்றோடு தொடங்கி, அதிகமாக வந்தால் இறுக்குங்கள்.

3. எங்கே தேடுவது

முதல் இடம் பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது; எல்லோருக்கும் இலவசம். முடிவுகளின் பக்கத்தில் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்ற வடிகட்டியை முதலில் தட்டுங்கள். ஒரே கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் முறையாகத் திரட்டி எடைபோட்ட திறனாய்வுக் கட்டுரைகள் மேலே வந்துவிடும். ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ வடிகட்டியை மட்டும் ஆரம்பத்திலேயே தட்டாதீர்கள். காசில்லாமல் கிடைப்பது மட்டும் கண்ணில் படும். முக்கியமான ஆய்வு ஒளிந்துகொள்ளும். முதலில் இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதை எப்படிப் பெறுவது என்று பிறகு யோசிக்கலாம். கல்லூரி நூலகர் வாங்கித் தருவார். அதுவும் இல்லையென்றால் ஆய்வாளருக்கே ஒரு வரி மின்னஞ்சல் போடலாம்; பலரும் அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது இடம் காக்ரேன் நூலகம். ஒவ்வொரு திறனாய்வோடும் எளிய நடையில் ஒரு சுருக்கம் இலவசமாகவே இருக்கும். சில சுருக்கங்கள் தமிழிலும் உண்டு. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சாட்பாட்டிடம் கேட்கலாமா? தேடுசொற்களுக்கு யோசனை கேளுங்கள். அது தரும் ஆய்வுத் தலைப்புகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். இல்லாத கட்டுரையையும் ஆசிரியர் பெயரோடு, ஆண்டோடு தந்துவிடும். பப்மெட்டில் அந்தத் தலைப்பு அகப்படாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

4. எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது

நம் ஊர் நர்சிங் இதழ்களைப் புரட்டினால் ஒருவகைக் கட்டுரை திரும்பத் திரும்ப வரும்: ஒரு தலைப்பில் 60 நர்ஸ்களுக்குப் பாடம் நடத்தி, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, மதிப்பெண் கூடியது என்று முடிப்பது. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? நோயாளியின் கையில் வீக்கம் குறைந்ததா என்பதை அது சொல்வதில்லை. உங்கள் கேள்வியில் எழுதிய விளைவை ஓர் ஆய்வு அளக்கவே இல்லையென்றால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அதைத் தள்ளிவைக்கலாம். பணம் கட்டினால் சில நாளில் அச்சேற்றிவிடும் இதழ்கள் விஷயத்திலும் கவனம்.

நம் கேள்விக்குத் தேடினால் இரண்டு கட்டுரைகள் உடனே மேலே வரும். ஒன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் நடந்து, 2012-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு. அதை நடத்திய கிளேர் ரிக்கார்ட் ஒரு நர்ஸ் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மற்றது 2019-ல் வந்த காக்ரேன் திறனாய்வு. 9 ஆய்வுகளும் 7,412 நோயாளிகளும் அதில் அடக்கம்.

5. எண்களைப் படிப்பது

இங்கேதான் பலரும் கட்டுரையை மூடிவைத்துவிடுகிறார்கள். கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், வாருங்கள்.

குயின்ஸ்லாந்து ஆய்வில் 3,283 நோயாளிகள். யார் எந்தப் பிரிவு என்பதை நர்ஸோ டாக்டரோ தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நல்ல நரம்பு உள்ளவர்களெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் காப்பது அந்தக் குலுக்கல்தான். தேவைப்பட்டால் மாற்றும் பிரிவில் 1,593 பேர். அவர்களில் 114 பேருக்கு ஃபிளபைடிஸ். கட்டாயம் மாற்றும் பிரிவில் 1,690 பேர். அவர்களில் 119 பேருக்கு. வகுத்துப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஏறத்தாழ 7 சதவீதம்.

அடுத்து ‘கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்’. உண்மையான வித்தியாசம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதை அது சொல்கிறது. இந்த ஆய்வில், தேவைப்பட்டால் மாற்றுவது ஃபிளபைடிஸை 1.33 சதவீதப் புள்ளி குறைக்கலாம், அல்லது 2.15 சதவீதப் புள்ளி கூட்டலாம். அதற்குள்தான் விடை இருக்க வாய்ப்பு. 3 சதவீதப் புள்ளிக்குள் வந்தால் இரண்டும் சமம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். எல்லைகள் இரண்டும் அதற்குள் அடங்குகின்றன. ‘பி வேல்யூ’ 0.05-க்குக் கீழா மேலா என்று மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இனி இந்த எல்லைகளைப் பார்க்கப் பழகுங்கள். வார்டில் முடிவெடுக்க இதுதான் உதவும்.

ஃபிளபைடிஸ் கூடவில்லை, வீணாகக் குத்துவது குறைகிறது, பொருளும் மிச்சம். காக்ரேன் திறனாய்வும் ஏறக்குறைய இதே பக்கம்தான் நிற்கிறது. ரத்தத் தொற்று விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அது மிக அரிதாக வருவது. அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்தும் ஒற்றை இலக்கத்தில்தான் வந்தது. அவ்வளவு அரிதான ஒன்று கூடுமா குறையுமா என்று சொல்ல 7,000 பேர் போதாது.

6. எதிர்ச்சான்றையும் தேடுங்கள்

மனதுக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் தேடலை நிறுத்துவது மனித இயல்பு. வேலையில் பாதி அதன்பிறகுதான் இருக்கிறது. திறனாய்வு வெளிவந்த ஆண்டுக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 2021-ல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒன்று அகப்படும்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் முன்பு கேனுலாவைக் கட்டாயம் மாற்றிவந்தார்கள். 2018 ஏப்ரலில் தேவைப்பட்டால் மட்டும் என்று மாறினார்கள். 2019 அக்டோபரில் பழைய முறைக்கே திரும்பினார்கள். காரணத்தை எண்கள் சொல்கின்றன. பழைய முறையில் 2,41,432 கேனுலாக்களில் 11 ரத்தத் தொற்று. புதிய முறையில் 1,30,779 கேனுலாக்களில் 46. திரும்பிய பிறகு 40,420-ல் 4.

இது குலுக்கல் ஆய்வல்ல; முன்பின் ஒப்பீடு. அந்தக் காலத்தில் வேறு ஏதாவது மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் எப்போதும் நிற்கும். ஆனாலும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கேனுலாக்களை ‘இது சான்றுகளின் தரவரிசையில் கீழே உள்ள ஆய்வு’ என்று ஒதுக்குவது என் பார்வையில் தவறு. அரிதான தீங்கைப் பிடிக்க இப்படிப்பட்ட பெரிய கணக்கே சரியான கருவி.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். குயின்ஸ்லாந்தில் ஆய்வு நர்ஸ்கள் ஊசி போட்ட இடத்தைத் தினமும் வந்து பார்த்தார்கள். ‘தேவைப்பட்டால் மாற்று’ என்ற முறை அந்தப் பார்வையின் மேல்தான் நிற்கிறது. யாரும் பார்க்காத வார்டில் அதன் பொருள் ‘யாராவது கவனிக்கும்வரை விட்டுவை’ என்றாகிவிடும். கெடு வைத்து மாற்றும் பழைய முறையில், பார்க்காதவர்கள்கூட நான்காம் நாள் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. ஆய்வின் முடிவை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டால், பழைய வழக்கமே அதைவிடப் பாதுகாப்பு.

7. உங்கள் வார்டுக்குப் பொருந்துமா

இப்போது கேள்விகள் உங்கள் வார்டைப் பற்றியவை. இரவு டியூட்டியில் ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்கிறார்? கேனுலாவின் மேல் ஒட்டுவது உள்ளே தெரியும் ஒட்டுப்படலமா, வெள்ளை பிளாஸ்டரா? முழுக்கப் பிளாஸ்டர் சுற்றியிருந்தால் சிவப்பை எப்படிப் பார்ப்பது? மே மாத வியர்வையில் ஒட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது? போட்ட தேதியும் நேரமும் எழுதப்படுகிறதா?

குயின்ஸ்லாந்து ஆய்வில் அவசரத்தில் போட்ட கேனுலாக்களைச் சேர்க்கவில்லை. ஆகவே கேஷுவாலிட்டியில் ஓட்டமும் நடையுமாகப் போட்டு வார்டுக்கு வந்த லைனுக்கு அந்த ஆய்வு விடை சொல்லாது. அதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ மாற்றிவிடுவதுதான் முறை. இப்படி ‘யாரையெல்லாம் சேர்க்கவில்லை’ என்ற பத்தியை ஒவ்வோர் ஆய்விலும் தேடிப் படியுங்கள். உங்கள் நோயாளி அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.

8. மாற்றத்தைக் கொண்டுவருவது

ஒரு கட்டுரையைக் காட்டி “நாளையிலிருந்து மாற்ற மாட்டேன்” என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மருத்துவமனையின் நெறிமுறை மாறும்வரை அதன்படிதான் நடக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: கேள்வி, கிடைத்த சான்று, எதிர்ச்சான்று, நம் வார்டுக்கு என்ன வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டர், இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் வழியாக அது நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் போகட்டும். “சிஸ்டர், நாம செய்யறது தப்பு” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “சிஸ்டர், ஒரு மாசம் எண்ணிப் பார்க்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணுவதற்கு ஒரு கருவி தயாராகவே இருக்கிறது. பிரிட்டனின் ரோதர்ஹாம் மருத்துவமனையில் ஆண்ட்ரூ ஜாக்சன் உருவாக்கிய வி.ஐ.பி. ஸ்கோர்தான் அது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரிய மனிதர்களுக்கானது அல்ல. 0 முதல் 5 வரை. ஊசி போட்ட இடம் இயல்பாக இருந்தால் 0. லேசான வலியோ லேசான சிவப்போ இருந்தால் 1, கவனித்துக்கொண்டிருங்கள். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்தால் 2; கேனுலாவைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஹேண்டோவரின்போதே இருவரும் சேர்ந்து பார்த்து எண்ணைக் குறித்தால் தனி வேலையாகத் தோன்றாது. தேவையில்லாமல் கிடக்கும் லைனைக் கழற்றுவதும் அப்போதே நடந்துவிடும். மருந்தெல்லாம் மாத்திரைக்கு மாறியபிறகும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கையில் தொங்கும் வென்ஃப்ளான்கள் எத்தனை என்று எண்ணினால் அதுவே ஒரு தனிக் கதை.

ஃபிளபைடிஸ் எத்தனை என்று மட்டும் எழுதினால் போதாது. மொத்தம் எத்தனை கேனுலா போட்டோம் என்பதும் வேண்டும். அது இல்லாமல் சதவீதம் இல்லை, சதவீதம் இல்லாமல் ஒப்பீடு இல்லை. நெறிமுறையை மாற்றுவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தொடங்குங்கள். பிறகு அதை இதழில் வெளியிடும் எண்ணம் இருந்தால், ஆரம்பத்திலேயே எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியைப் பெறுங்கள். முடிந்தபிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

எண்ணிப் பார்த்ததில் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஸ்கோர் எழுதப்படவில்லை, பாதிக் கட்டங்கள் காலி என்று தெரியவந்தால், கெடுவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள், கெடுவை எடுப்பது அதற்குப் பிறகு.

பப்மெட்டில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, இந்தத் தேடலைச் சேமித்துவையுங்கள். இதே கேள்வியில் புதிய ஆய்வு வந்தால் மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் வந்து சேரும்.