கண் கேளாத கூரத்தாழ்வான்

தீர்த்தம் பெறும் ஸேவார்த்திகள் பலர், "நோய் தீருமா, ஸ்வாமி?" என்று அடியேனைக் கேட்பதுண்டு. அவர்களுக்குக் கூரத்தாழ்வான் வைபவத்தையே விண்ணப்பிப்பது வழக்கம்.

சோழன் சபையில் கண்ணிழந்த ஆழ்வான், உடையவர் நியமனப்படி காஞ்சிப் பேரருளாளனை வரதராஜஸ்தவத்தால் துதித்தார். வரம் கேட்கும் வேளையில், தம் கண்ணைக் கேளாது, தமக்குத் தீங்கிழைத்த நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெறவேண்டும் என்றே வேண்டினார் என்பர் பெரியோர்.

அடியேன் தாயாருக்கும் முதுமையில் பார்வை மங்கிற்று. வைத்தியமும் பிரார்த்தனையும் செய்தோம், பார்வை திரும்பவில்லை. ஆனால், இருபதாண்டுகள் பேசாதிருந்த ஓரகத்தியின் பெயருக்கு நாள்தோறும் அர்ச்சனை செய்யும்படி அவரே சொல்லத் தொடங்கினார். அடியேன் கண்ணாரக் கண்ட அற்புதம் அதுவே.

ஆதலின் அன்பர்காள்! மருந்தை நிறுத்தாதீர், தீர்த்தத்தையும் மறவாதீர். வரம் கேட்கையில், பகைத்தவர்க்கும் ஒன்று கேளுங்கள்.