கருவுற்ற காலத்தில் மலச்சிக்கல்

மாணவர் மலரில் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம் சங்கத்தில் மணமான ஆராய்ச்சி மாணவர்கள் உளர். ஏனையோர்க்கும் தமக்கையோ அண்ணியோ இருப்பர். சென்ற ஆண்டு என் அக்கா கருவுற்றிருந்தபோது, டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகளை ஒரு மாதம் விழுங்காமல் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள். கேட்டால் அழுகைதான் வந்தது. மலங் கழிப்பது அவ்வளவு வேதனையாகிவிட்டதாம். அதை டாக்டரிடம் சொல்ல நாணமாம்!

இத்தொல்லை ஏன் நேருகிறது? கருவுற்றதும் உடலில் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுகிறது. முதல் சில வாரங்கள் சூலகமும், பின்னர் நஞ்சுக்கொடியும் இதனைச் சுரக்கின்றன. கருப்பை காலத்துக்கு முன்பே சுருங்கிவிடாதபடி அதன் தசையைத் தளர்த்தி வைப்பது இதன் முக்கியமான வேலைகளுள் ஒன்று. ஆனால் குடலின் சுவரிலும் அதே இனத்துத் தசைதான் இருக்கிறது. இரத்தத்தில் கலந்து செல்லும் பொருளுக்குக் கருப்பை என்று முகவரி எழுதி அனுப்ப இயலுமா? ஆகவே குடலும் சோம்புகிறது. உணவுச் சக்கை பெருங்குடலில் நெடுநேரம் தங்க, அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகிவிடுகிறது. மாதம் ஏற ஏற, கனத்த கருப்பை மலக்குடலை அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது.

இதன்மேல் இரும்பு மாத்திரை வேறு. அது மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உடல் ஏற்காத இரும்பே அது. ஆனால் மாத்திரையை நிறுத்துவது தவறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற மகளிரில் 52.2 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. டாக்டரிடம் சொன்னால் மாத்திரையின் வகையையோ அளவையோ மாற்றித் தருவார். அக்காவுக்கும் மாற்றித்தான் கொடுத்தார்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வானேன்? கீரை, முளைகட்டிய பயறு, தோலோடு பழம், தவிடு சலித்து எறியாத கோதுமை மாவு. இப்பக்கத்தில் கொய்யாவுக்குக் குறைவில்லை. மைதா ரொட்டியை விடுக. இவ்வூர்க் குளிரில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறோம். வெந்நீராவது அடிக்கடி குடிக்க வேண்டும். காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானே அசையும். அந்த வேளையை வேலைக்காகத் தள்ளிப் போடலாகாது. நாள்தோறும் சிறிது நடப்பதும் நன்று.

இவை போதாவிடில் இசப்கோல் உமி உண்டு. குஜராத்திலும் இராஜஸ்தானிலும் விளைவது; நீரை ஈர்த்துப் பருத்து மலத்தை மென்மையாக்குவது. ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு உட்கொள்ள வேண்டும். நீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அடுத்தபடி லாக்டுலோஸ் பாகு. அது டாக்டர் சொல்லி வாங்க வேண்டியது.

இனி, ஊரிலிருந்து பாட்டி அன்போடு கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெய்ப் புட்டி. அக்கா அதைத் திறக்கவும் இருந்தாள்! விளக்கெண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலியிக் அமிலம் குடல் தசையிலுள்ள ஓர் ஏற்பியைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது. கருப்பைத் தசையிலும் அதே ஏற்பி உண்டு. 2012-இல் வெளியான ஆய்வில், அந்த ஏற்பி இல்லாத எலிகளிடம் இந்த எண்ணெய் இரண்டு இடத்திலும் பலிக்கவில்லை. பேறு தாமதமானால் இதைக் குடிக்கக் கொடுக்கும் பழைய வழக்கத்தின் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? மலத்துக்கென்று குடித்தது கருப்பையையும் சுருக்கலாம். பேதிக்கான வேறு சூரணங்களையும் டாக்டரைக் கேளாமல் தொடலாகாது.

மலத்தோடு இரத்தம் போனாலும், வயிற்றில் கடும் வலி கண்டாலும், வாந்தியோடு காற்றும் பிரியாமல் நின்றாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க. வயிறு இறுகி, விட்டு விட்டு வலித்தால் அது பேறுவலியாகவும் இருக்கலாம்; மலச்சிக்கல்தானே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.