தற்காலிகப் பாகம் வாங்கலாமா?

"டீச்சர், வீட்டுக் கணினி ரொம்ப மெதுவாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அப்பா புதியது வாங்குவார். அதுவரை மலிவான ரேம் வாங்கிப் போடலாமா?"

கேட்டவள் கேமரன் மலைத் தோட்டத்து மாணவி. அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. ஒவ்வொரு வெள்ளியும் சேமிப்புதான்.

மாணவர்களே, வாங்குமுன் இரண்டைச் சோதியுங்கள்.

முதலில், தடை எங்கே? கணினி திணறும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டினால் ரேம் போதவில்லை. மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றால் வன்தட்டுதான் தடை. சுழலும் தட்டில் தகவலைத் தேடியெடுக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும், சுழலாத எஸ்.எஸ்.டி.க்கு 0.1 போதும்.

அடுத்து, அந்தப் பாகம் புதிய கணினிக்கும் உதவுமா? மேசைக் கணினியின் டி.டி.ஆர்.3 ரேமில் 240 முனைகள், டி.டி.ஆர்.4, 5 இரண்டிலும் 288. ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. சாட்டா எஸ்.எஸ்.டி.யோ பெரும்பாலான புதிய மேசைக் கணினிகளிலும் பொருந்தும்.

மாணவி சோதித்தாள். மெமரி பாதிதான் நிரம்பியிருந்தது, டிஸ்க் 100. பழைய டி.டி.ஆர்.3 ரேம் வாங்கியிருந்தால் வேகமும் கூடியிருக்காது, பணமும் திரும்பியிருக்காது. எஸ்.எஸ்.டி. வாங்கினால் அடுத்த ஆண்டும் கூட வரும்.