பொறிகள் பொருதும் களம்

நுழையும் முன்

பம்பரம் விட்டுப் பழகியவர்க்கு ஓர் உண்மை தெரியும். வேகமாகச் சுழலும் சிறிய கட்டை, வட்டத்துள் அசையாமல் கிடக்கும் பெரிய கட்டையையும் பிளந்துவிடும். இந்த எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு பள்ளி மாணவர் ரோபோக்களை உருவாக்கி மோதவிடும் போட்டிகள் உலகின் பல பகுதிகளில் நடைபெறுகின்றன. அக்களத்தில் எது வெற்றி எனப் போற்றப்படுகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சொல்லின் வரலாறு

எந்திரங்களைப் போர்க்களத்தில் நிறுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதில்மேல் இருந்த பொறிகளை வரிசையாகக் கூறுகிறது. தானே வளைந்து அம்பெய்யும் வில், கருங்குரங்கு வடிவிலமைந்த பொறி, கல்லை வீசும் கவண் முதலியன அவற்றுள் சில.

‘ரோபோ’ என்னும் சொல் செக் மொழியிலிருந்து வந்தது. காரல் சாப்பெக் என்னும் எழுத்தாளர் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட நாடகத்தின் வழியாக அது உலகெங்கும் பரவியது. கட்டாய உழைப்பு என்னும் பொருளுடைய சொல்லே அதன் வேர். தமிழில் எந்திரன் என்கிறோம்; தெலுங்கில் ‘மரமனிஷி’ என்பர். இங்கு ‘மர’ என்பது பொறியைக் குறிக்கும் தெலுங்குச் சொல். மாவு அரைக்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘பிண்டி மர’ என்று காண்கிறோம் அல்லவா? அச்சொல்லே இது. தமிழ் ‘மரம்’ வேறு. தெலுங்கு ‘மர’ வேறு. இருமொழிச் சூழலில் வளரும் நாம் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

போட்டியில் மோதும் ரோபோக்களுள் பெரும்பாலானவை தாமே சிந்திப்பன அல்ல. களத்திற்கு வெளியே நிற்கும் மாணவர் ஒருவர் தொலையியக்கியைக் கொண்டு அவற்றை ஓட்டுகிறார். எனவே பொறியின் வலிமையோடு ஓட்டுநரின் அறிவும் பொறுமையும் களத்தில் சோதிக்கப்படுகின்றன.

போட்டி தோன்றிய விதம்

1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில், அறிவியல் புனைகதை ஆர்வலர் கூடிய மாநாடு ஒன்றில், சிறிய பொறிகளை மோதவிடும் விளையாட்டு நடைபெற்றது. பின்னர் மார்க் தார்ப் என்னும் வடிவமைப்பாளர், வீட்டைத் தூய்மை செய்யும் கருவியைத் தொலைவிலிருந்து இயக்க முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. ஆயினும், அதிலிருந்து அவருக்குப் புதியதோர் எண்ணம் பிறந்தது. அதன் பயனாக 1994ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ‘ரோபாட் வார்ஸ்’ என்னும் போட்டி அரங்கேறியது. 1998இல் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி இதனை நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. 2000ஆம் ஆண்டு முதல் ‘பேட்டில்பாட்ஸ்’ நிகழ்ச்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம்பெற்றது.

பள்ளிக்குள் வந்த களம்

பேட்டில்பாட்ஸ் அமைப்பினர் பள்ளிகளுக்கெனத் தனிப் பாடத்திட்டம் ஒன்றையும் உருவாக்கினர். பின்னாளில், உலோகக் கருவிகள் செய்யும் பட்டறை உரிமையாளர்களின் சங்கம் அப்பணியை ஏற்றது. இவ்வாறு அமைந்ததே ‘தேசிய ரோபோட்டிக்ஸ் லீக்’ ஆகும். இதில் உயர்நிலைப் பள்ளி மாணவர் உருவாக்கும் ரோபோவின் எடை 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6.8 கிலோவுக்கு மேற்படலாகாது.

பட்டறை உரிமையாளர்கள் ஏன் இதில் ஈடுபட்டனர்? பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்சுபர்க் போன்ற தொழிற்பகுதிகளில் முதிய தொழிலாளர் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தனர். அவர்கள் இடத்திற்கு வர இளைஞர் இல்லை. கடைசல் வேலை கைக்கு அழுக்குத் தரும் வேலை என்று பலர் ஒதுங்கினர். அவ்வெண்ணத்தை மாற்ற, பள்ளி அணிகளுக்கு உள்ளூர்ப் பட்டறைகள் துணை நின்றன. மாணவர் ரோபோவின் உறுப்புகளைக் கணினியில் வரைந்தனர். பட்டறைக்குச் சென்று, தாம் வரைந்தது உலோகமாக உருப்பெறுவதைக் கண்டனர். ‘இந்தத் துளையை இவ்விடத்தில் இட முடியாது, உளி நுழைய வழியில்லை’ என்று அனுபவமிக்க தொழிலாளி கூறும்போது, படம் வேறு, பொருள் வேறு என்பதை உணர்ந்தனர்.

களத்தின் விதிகள்

ஓர் ஆட்டம் பெரும்பாலும் மூன்று நிமிடங்களே நடைபெறும். அசையாமல் நின்றுவிட்ட பொறிக்குப் பத்து எண்ணுவர். அதற்குள் அது நகராவிடில் தோற்றதாகும். தோல்வியை முன்னரே ஒப்புக்கொண்டு பொறியைக் காத்துக்கொள்ளவும் அணிக்கு உரிமை உண்டு. இரண்டும் இறுதிவரை இயங்கினால், விளைவித்த சேதம், தாக்கும் முனைப்பு, ஓட்டும் திறன் ஆகியவற்றைக் கொண்டு நடுவர் தீர்ப்பளிப்பர்.

பொறிகள் பல வகைப்படும். ஆப்பு வடிவப் பொறி எதிரியின் அடியில் நுழைந்து அதைத் தள்ளும். தூக்கியெறியும் பொறி எதிரியைக் கவிழ்க்கும். சுழல்தட்டு உடைய பொறி எதிரியை அடித்து நொறுக்கும். எல்லாவற்றையும் வெல்லும் பொறி என ஒன்று இல்லை. ஆயுதத்தின் எடையைக் கூட்டினால் கவசத்தின் எடையைக் குறைக்க நேரும். தராசு எவர்க்கும் சலுகை காட்டாது.

ஒரு கணக்கு

ஒரு கிலோ நிறையும் 10 செ.மீ. ஆரமும் உடைய வட்டத் தட்டு ஒன்று, நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 100 சுற்று. தட்டின் சுற்றளவு ஏறத்தாழ 0.628 மீட்டர். எனவே அதன் விளிம்பு நொடிக்கு 62.8 மீட்டர் செல்கிறது. இது மணிக்கு 226 கி.மீ. வேகமாகும்.

சீரான தட்டின் சுழல் ஆற்றல் = ¼ × நிறை × விளிம்பு வேகத்தின் இருமடி
= ¼ × 1 × 62.8 × 62.8 = ஏறத்தாழ 986 ஜூல்.

ஐம்பது கிலோ அரிசி மூட்டை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தாக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இதுவே. இச்சிறிய தட்டுக்குள் இவ்வளவு ஆற்றல் அடங்கியுள்ளது. வேகத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஆனால், நியூட்டனின் மூன்றாம் விதி இங்கும் ஆட்சி செய்கிறது. எதிரிமீது விழும் அடி அதே அளவில் தன்மீதும் விழும். ஆகவே தாக்கிய பொறியே சில வேளைகளில் தூக்கியெறியப்படுகிறது. மேலும், சுழலும் பம்பரம் எளிதில் சாயாதது போல, சுழலும் தட்டும் தன் திசையை மாற்ற எளிதில் இடங்கொடாது. விரைந்து திரும்பும்போது பொறியின் ஒரு பக்கச் சக்கரம் மேலெழுவது இதனால்தான்.

இருபது நிமிடம்

ஓர் ஆட்டத்திற்கும் அடுத்த ஆட்டத்திற்கும் இடையே அணிக்குக் கிடைக்கும் நேரம் சில போட்டிகளில் இருபது நிமிடமே. வளைந்த தகட்டை நிமிர்த்த வேண்டும். மின்கலத்தை மாற்ற வேண்டும். சக்கரத்தைப் புதிதாகப் பூட்ட வேண்டும். ஓடாப் பொறி களம்புகல் இயலாது. இங்கேதான் அணியின் உண்மையான ஆற்றல் வெளிப்படுகிறது.

களத்தில் நிகழும் தோல்விகளுள் பல, எதிரியின் அடியால் நேர்வன அல்ல. தளர்ந்த திருகாணி, கழன்ற மின்கம்பி, சரியாக ஒட்டாத பற்றவைப்பு ஆகியவையே பொறியை நிறுத்திவிடுகின்றன. ஆதலால் தேர்ந்த அணியினர் ஒவ்வொரு திருகாணியையும் சரிபார்க்கப் பட்டியல் வைத்திருப்பர். எளிதில் கழற்றி மாட்டும்படி உறுப்புகளை முதலிலேயே வடிவமைப்பர். மாற்று உறுப்புகளைப் பெயரெழுதிய பெட்டிகளில் அடுக்கி வைப்பர். ஒருவர் கழற்ற, ஒருவர் பற்றவைக்க, மற்றொருவர் எடை பார்ப்பர். யார் எதைச் செய்வது என்பதை இடைவேளையில் விவாதிக்க நேரமிராது.

அணியின் குறிப்பேடும் நடுவரால் மதிப்பிடப்படுகிறது. ஏன் இந்த வடிவம், எந்த உலோகம், எந்தச் சோதனை தோற்றது, அதன்பின் என்ன மாற்றப்பட்டது என அனைத்தும் அதில் எழுதப்பட வேண்டும். எனவே களத்தில் முதற்சுற்றிலேயே தோற்ற அணியும் குறிப்பேட்டிற்காகப் பாராட்டுப் பெற இயலும். உடைப்பதற்குப் பரிசு தரும் விளையாட்டாகத் தோன்றும் இது, ஆக்குவதையும் செப்பனிடுவதையும் எழுதிவைப்பதையும் மாணவர்க்குக் கற்பிக்கிறது.

பாதுகாப்பு

இக்களத்தில் விதிமீறலுக்கு இடமில்லை. தடித்த பாலிகார்பனேட் பலகைகள் சூழ்ந்த கூண்டுக்குள்தான் மோதல் நிகழும். கூண்டின் கதவு மூடிய பின்னரே ஆயுதத்தைச் சுழற்றலாம். வெளியே எடுத்துச் செல்லும்போது ஆயுதம் அசையாமல் பூட்டப்பட்டிருக்க வேண்டும். லித்தியம் பாலிமர் மின்கலம் துளைபட்டால் தீப்பற்றும்; அதனால் அதைக் கண்காணிப்பின்றி மின்னேற்றம் செய்யலாகாது. கூண்டும் பயிற்சி பெற்ற மேற்பார்வையும் இல்லாத இடத்தில் சுழல் ஆயுதம் செய்து பார்த்தல் அறவே கூடாது.

நம் அருகில்

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1998 முதல் நடைபெறும் ‘டெக்ஃபெஸ்ட்’ விழாவின் ரோபோ போரில் வெளிநாட்டு அணிகளும் கலந்துகொள்கின்றன. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள வேலூரில், வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ‘கிராவிடாஸ்’ விழாவிலும் ரோபோ போர் இடம்பெறுகிறது. இவை பெரும்பாலும் கல்லூரி மாணவர்க்கானவை.

பள்ளி மாணவர்க்கு வேறொரு வாயில் திறந்திருக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்க்கென 10,000 பள்ளிகளில் அடல் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. கேந்திரிய வித்யாலயங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். அங்கே ‘மினி சுமோ’ ரோபோவை உருவாக்கலாம். இது ஜப்பானிய மல்யுத்தத்தைப் பின்பற்றியது. இதில் ஆயுதம் கிடையாது. எதிரியை வட்டத்திற்கு வெளியே தள்ளினால் போதும். ரோபோவின் எடை 500 கிராமுக்குள்ளும், அடிப்பரப்பு 10 செ.மீ. நீள அகலத்துக்குள்ளும் இருத்தல் வேண்டும். வட்டத்தின் விட்டம் 77 செ.மீ.

சிந்தனைக்குரிய வினா

பொறிகளாயினும் ஒன்றையொன்று அழிக்கச் செய்தல் முறையா என்று கேட்போர் உளர். நூறு மணி நேர உழைப்பை மூன்று நிமிடத்தில் நொறுக்குவது வீண் என்பது அவர்தம் கருத்து. சேவற்சண்டையில் உயிர் துன்புறுகிறது; இங்கோ வலி அறியாத இரும்பே மோதுகிறது என்பது மறுமொழி. செலவு மிகுதி என்னும் குறையை மறுப்பதற்கில்லை. வசதி குறைந்த பள்ளி, வசதி மிக்க பள்ளியோடு பொருத வேண்டியிருக்கிறது.

எனினும், ஒன்று உறுதி. உங்கள் பெற்றோருள் சிலர் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளிலோ, திருப்பதியின் பழுதுபார்க்கும் பட்டறைகளிலோ பணிபுரியலாம். ஒரு பொறி ஏன் நின்றது என்பதை ஓசையைக் கேட்டே சொல்லும் அவர்களது அறிவு, பரிசு பெறும் அணிகள் தேடிச் சென்று கற்கும் அறிவாகும். அதைக் கற்க நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. வீட்டில் கேட்டாலே போதும்.

சொல்லும் பொருளும்

பொருதல் – போரிடுதல்
கவண் – கல்லெறியும் கருவி
கடைசல் – உலோகத்தையோ மரத்தையோ சுழற்றிச் செதுக்கும் வேலை
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
முனைப்பு – ஊக்கம்

இலக்கணக் குறிப்பு

சுழல்தட்டு – வினைத்தொகை
அறிவும் பொறுமையும் – எண்ணும்மை
ஓடாப் பொறி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
தளர்ந்த திருகாணி – பெயரெச்சத் தொடர்

மதிப்பீடு

அ. பலவுள் தெரிக.
1. ‘மரமனிஷி’ என்னும் தெலுங்குச் சொல்லில் ‘மர’ குறிப்பது
(அ) மரம் (ஆ) பொறி (இ) வீரம் (ஈ) மறதி
2. தட்டின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல்
(அ) மாறாது (ஆ) இருமடங்காகும் (இ) நான்கு மடங்காகும் (ஈ) பாதியாகும்

ஆ. குறுவினா
1. சிலப்பதிகாரம் கூறும் மதிற்பொறிகளுள் இரண்டினை எழுதுக.
2. ஆட்டத்தில் ஒரு பொறி தோற்றதாக எப்போது கருதப்படும்?

இ. சிறுவினா
1. பட்டறை உரிமையாளர்கள் பள்ளிப் போட்டிகளுக்குத் துணைநின்ற காரணத்தை விளக்குக.
2. தட்டின் நிறையை இரட்டித்து, வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் எவ்வாறு மாறும்? கணக்கிட்டு எழுதுக.

ஈ. நெடுவினா
‘ரோபோ போர் உடைக்கக் கற்பிக்கிறதா, ஆக்கக் கற்பிக்கிறதா?’ உம் கருத்தைக் காரணங்களுடன் கட்டுரையாக எழுதுக.

உ. செயல்பாடு
உம் வீட்டிலோ தெருவிலோ பொறிகளைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் உரையாடுக. அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்கள் பத்தினைத் தமிழிலும் தெலுங்கிலும் பட்டியலிடுக.