குளிர் கப்பலில் வந்த கதை

கேள்வி: ஆர்க்டிக் குளிர் திரும்ப வருகிறது, பனி கொட்டும் என்கிறார்களே, செட்டிநாட்டுக்கும் வருமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வராது. ஸ்வெட்டருக்கு எடுத்துவைத்த காசில் கண்டாங்கிச் சேலை எடுத்துவிடலாம். வடதுருவத்துக்கு மேலே குளிர்காலம் முழுக்க ஒரு காற்றுச்சுழல் சுற்றிக்கொண்டிருக்கும். அது தளர்ந்தால் உள்ளே அடைபட்ட குளிர் தெற்கே சரியும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் வரை சரிந்து, லட்சக்கணக்கான வீடுகளை இருட்டில் தள்ளியது. ஆசியாப் பக்கம் சரிந்தாலோ இமயமும் திபெத் மேட்டுநிலமும் மறிக்கும். அதையும் தாண்டி, 10 டிகிரி அட்சரேகையில் இருக்கும் காரைக்குடியைத் தேடி வரக் குளிருக்கு இங்கே மாமியார் வீடா இருக்கிறது?

சீமைக் குளிர் தமிழ்நாட்டுக்கு வந்தது ஒரே வழியில்: கப்பலில்.

பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்து கிடந்ததை அறுத்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு மாதம் கடலில் வெந்தும், சுமார் 180 டன்னில் 100 டன் மிஞ்சியது. செட்டிநாட்டு லேவாதேவிக் கணக்கிலேயே அது நல்ல லாபம். 1842இல் மெட்ராஸ் கடற்கரையில் இந்தச் சரக்குக்கென்றே ஒரு கிடங்கு எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்கும் இயந்திரம் வந்ததும் வியாபாரம் கரைந்து, கட்டடம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கைக்குப் போயிற்று. 1897இல் பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தர், மானாமதுரையில் சிவகங்கைக்காரர்களின் வரவேற்பையும் பெற்றுக்கொண்டு, சென்னை போய்த் தங்கியது அங்கேதான். இப்போது பெயர் விவேகானந்தர் இல்லம். ஆட்டோக்காரரிடம் மட்டும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லவும்.

கேள்வி: ஊட்டியில் பனி கொட்டுகிறதே?

பதில்: கொட்டவில்லை. கொட்டுவதாகத் தலைப்பு போடுகிறார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிட, புல்லைத் தொட்ட ஈரம் அங்கேயே ஐஸாகப் படிகிறது. அது உறைபனி, மேலேயிருந்து எதுவும் விழுவதில்லை. 'பனி' என்ற ஒற்றைச் சொல் பார்த்த வேலை இது. மார்கழிப் புல்லில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. தொல்காப்பியர் முன்பனி, பின்பனி என்று ஆறு பெரும்பொழுதில் இரண்டை அதற்கே எழுதிவைத்தார். அவர் நினைத்தது துளியை, சறுக்கு விளையாட்டை அல்ல! ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியும் பனிச்சரிவால் பெயர் பெற்றதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மண் சரிந்ததால் பெற்றது.

கேள்வி: வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குச் சைபீரியப் பறவைகள் வரும்போது குளிர் மட்டும் வராதா?

பதில்: இறகு முளைத்ததெல்லாம் சைபீரியாவா? வேட்டங்குடியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை இந்தியாவிலேயே பிறந்து வளர்வது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்தால் வரும், வற்றினால் கிளம்பும். பனிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை (துளிப்பனியாக இருந்தாலும் சரி). விருந்தாளிக்குரிய மரியாதைக்கு மட்டும் குறைவில்லை: அந்தப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.