புதரில் மறையும் குருவி

ஓசூரினின்று கிருட்டிணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சூளகிரி அமைந்துள்ளது. தொழிற்சாலைகள் பெருகிவரும் அவ்வட்டாரத்தில், குன்றின் அடிவாரத்திலும் வேலி ஓரங்களிலும் உண்ணிச்செடிப் புதர்கள் இன்னும் எஞ்சியுள்ளன. புரட்டாசி முதல் பங்குனி வரை அவற்றின் அருகே செல்வோர், நாவால் அண்ணத்தைத் தட்டினாற் போன்ற 'டக், டக்' என்னும் ஒலியைக் கேட்கலாம். ஒலித்த குருவியோ எளிதில் வெளிப்படாது.

அதன் பெயர் பிளைத் நாணற் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருப்பினும் அது விரும்பி உறைவது புதரிலேயாம். பின்லாந்து முதலாகச் சைபீரியா ஈறாக உள்ள வடபுலத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வருகின்றது. அதன் எடை ஏறத்தாழ 12 கிராமே. இத்துணைச் சிற்றுயிர் அத்துணைத் தொலைவு பறந்து வருதல் வியப்பன்றோ!

மேற்புறம் மங்கிய தவிட்டு நிறம். கீழ்ப்புறம் வெளிர் நிறம். கோடோ புள்ளியோ இல்லை. இந்நிறமுடைய கதிர்க்குருவிகள் பலவாதலின், நிறம் ஒன்றையே நம்புதல் தகாது. அலகின் நீளம், கண்ணின்மேல் உள்ள வெளிறிய சிறு கீற்று, குறுகிய சிறகு, குரல், இரை தேடும் இடம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கித் துணிதல் வேண்டும்.

கற்றறிந்தோரையும் இவ்வொப்புமை மயக்கியதுண்டு. காங்கிரசு மகாசபை தோன்றக் காரணராய் இருந்தோருள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், 1867-இல் சட்லெச் பள்ளத்தாக்கில் அலகு பெருத்த கதிர்க்குருவி ஒன்றைப் பெற்றார். சான்று அவ்வோருடலே ஆதலின், அது தனியினமோ என அறிஞர் நெடுங்காலம் ஐயுற்றனர். தனியினமே என 2002-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. 2006-இல் தாய்லாந்தில் பிலிப் ரவுண்ட் என்பார் விரித்த வலையில் உயிருள்ள குருவி ஒன்று அகப்பட்டது. பின்னர், 1869-இல் இந்தியாவிற் கிடைத்த மற்றோர் உடல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் வெளிப்பட்டது. 'பிளைத் நாணற் கதிர்க்குருவி' என்னும் சீட்டைத் தாங்கி நூறாண்டுக்கு மேலாக அது அங்கே கிடந்தது! 2008-இல் வேறு பல பழைய உடல்களும் அவ்வாறே பெயர் மாறிக் கிடந்தமை தெரியவந்தது.

உயிர்க் குருவிகள் வாழுமிடத்தைக் காட்டித் தந்தது குரலே. அவ்வாண்டில் ஆப்கானிஸ்தானத்து வக்கான் பள்ளத்தாக்கில் ராபர்ட் டிம்மின்ஸ் ஒரு குருவியின் பாட்டைப் பதிவு செய்தார். மறு ஆண்டு அப்பதிவை ஆய்வாளர் அங்கே ஒலிக்கச் செய்தபொழுது, புதர்களுள் மறைந்திருந்த குருவிகள் வெளிவந்தன. ஏறத்தாழ 20 குருவிகளை வலையிற் பிடித்து, அளந்து, மீண்டும் பறக்கவிட்டனர்.