குமிழத்தில் உறங்கும் மலர்

ஆங்கிலப் பாடவேளையில் டாஃபடில் என்னும் மஞ்சள் மலரை மாணவர் பலர் அறிந்திருப்பர். 1802 ஏப்ரல் 15 அன்று கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் தங்கை டோரதியுடன் இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்து சென்றபோது அம்மலர்க் கூட்டத்தைக் கண்டார். அதைப் பற்றி அவர் இயற்றிய கவிதை 1807இல் அச்சேறியது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் மாணவர் தம் வீட்டுத் தோட்டத்தில் அம்மலரை வளர்க்க இயலுமா? இதற்கு விடை காண, முதலில் மண்ணுக்கடியில் உள்ளதை அறிதல் வேண்டும்.

டாஃபடிலைத் தோட்டங்களில் குமிழம் நட்டே வளர்ப்பர். வெங்காயத்தை நெடுக்காக அரிந்து பார்த்தால் குமிழத்தின் அமைப்பு விளங்கும். அடியில் தட்டுப் போன்ற சிறு தண்டும், அதன்மேல் உணவைச் சேமித்து வைத்த சதைப்பற்றுள்ள இலையடுக்குகளும், நடுவில் மொட்டும் இருக்கும். மேலே இலைகள் காய்ந்து போனாலும் குமிழம் மடிவதில்லை. தன் சேமிப்பைக் காத்துக்கொண்டு உறங்குகிறது.

டாஃபடிலின் உறக்கம் கலைவதற்குக் குளிர் வேண்டும். ஏறத்தாழ 9 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிரில் 12 முதல் 16 வாரங்கள் கிடந்த பிறகே அதன் மலர்த்தண்டு நன்கு நீண்டு பூக்கும். காசுமீரத்தில் அக்குளிர் உண்டு. அதனால் சீநகரின் புகழ்பெற்ற துலிப் தோட்டத்தில் டாஃபடிலும் பூக்கிறது. திருப்பதியின் குளிர்காலமோ அதற்குப் போதாது. குமிழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் சில மாதங்கள் வைத்திருந்து நட்டால் ஒருமுறை பூக்கக்கூடும். ஆண்டுதோறும் பூக்கும் என்று நம்ப இயலாது.

ஆயினும் இவ்வட்டாரம் மலர்களுக்கு அயலானதன்று. இராமாநுசரின் மாணாக்கரான அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனம் அமைத்தார் என்பது வைணவ மரபு. அத்தோட்டத்திற்குக் குளம் வெட்டியபோது அவர் பயன்படுத்தியதாகக் கூறப்படும் கடப்பாரையைக் கோயில் வாயிலில் இன்றும் காணலாம். திருமலையில் பூக்கும் பூவெல்லாம் இறைவனுக்கே உரியவை என்பதால், அங்கே தலையில் பூச்சூடுவதில்லை. எனவே மண்ணில் குறையில்லை. மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற குமிழத்தைத் தேர்ந்தெடுப்பதே தேவை.

அத்தகைய குமிழச்செடி நிலச்சம்பங்கி. அதன் தாயகம் கடல்களுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ. இன்று தமிழகத்திலும் ஆந்திரத்திலும் அது இல்லாத பூக்கடை அரிது. மணமாலையிலும் கோயில் மாலையிலும் அது இடம் பெற்றுவிட்டது.

சூன், சூலை மாதங்களில் இதனை நடலாம். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்ப வேண்டும். 2 முதல் 3 செ.மீ. பருமனுள்ள குமிழத்தை ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில், முளைப்பகுதி மேல்நோக்கி இருக்குமாறு ஊன்ற வேண்டும். நல்ல வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்து, மண் காயத் தொடங்கும்போது நீர் ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் குமிழம் அழுகிவிடும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் மலர்த்தண்டு எழும். அதில் கீழிருந்து மேலாக மொட்டுகள் நாள்தோறும் விரியும். பொழுது சாய்ந்தபின் மணம் மிகும். அதனை நுகர மாலை நேரமே ஏற்றது.

ஒரு குமிழம் ஒருமுறைதான் பூக்கும். ஆனால் வாழையடி வாழையாக அதன் பக்கத்தில் சேய்க்குமிழங்கள் தோன்றும். அவற்றைப் பிரித்து நட்டால் ஒரு தொட்டி பல தொட்டிகளாகும். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

சென்ற இடமெல்லாம் இச்செடி புதுப்பெயர் பெற்றது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் அதன் வெண்மையைக் கண்டு ‘எலும்புப் பூ’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். இந்தியில் அது ரஜனிகந்தா. இரவில் மணப்பது என்பது பொருள். கன்னடத்தில் சுகந்தராஜா. மரத்தில் பூக்கும் சண்பகத்தைச் சம்பங்கி என்றும் வழங்குவர். அதுபோல் மணம் வீசி, நிலத்தில் பூப்பதால் தமிழர் இதனை நிலச்சம்பங்கி என்றனர். தெலுங்கர் ‘நேல சம்பெங்க’ என்றனர். நிலமும் நேலவும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். வேற்று மண்ணிலிருந்து வந்த செடி, இரு மொழியாருக்கும் தம் நிலத்துப் பூவாகிவிட்டது.

பயிற்சி

1. சித்தூரில் டாஃபடில் ஆண்டுதோறும் பூப்பது ஏன் அரிது?
2. வெங்காயத்தை நெடுக்காக அரிந்து, அதன் பகுதிகளை வரைந்து பெயர் குறிக்க.
3. நிலச்சம்பங்கியின் எந்தெந்தப் பண்பைக் கண்டு ஒவ்வொரு மொழியும் பெயரிட்டது?
4. வீட்டில் உள்ள பெரியோரிடம் ஐந்து பூக்களின் தமிழ்ப்பெயர்களையும், அண்டை வீட்டாரிடம் அவற்றின் தெலுங்குப் பெயர்களையும் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுக. ஒலியால் ஒத்த பெயர்களுக்கு அடிக்கோடு இடுக.